க்ஷயரோகமும் துரிதப் பரீட்சையும்

(கனகம்மாசத்திரத்தில் கூடிய கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் முன்னிலையில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் பேச வருகிறார் என்றால் தவணை கடந்த பாக்கியைப் பற்றித்தான் பேசுவார் என்று உங்களிற் பலர் எண்ணியிருப்பீர்கள். அவ்வெண்ணம் முழுவதும் பிழையென்று சொல்வதற்கில்லை. இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம் க்ஷயரோகம். அதுவும் ஒருவகைக் கடனே. சிறிதாயிருக்கும்பொழுது கவனியாது விட்டால் நாளுக்கு நாள் வட்டி ஏறி, முடிவில் அசலையும் குடும்பத்தையும் ஒருங்கே வாரிக்கொண்டு போகும் இயல்புடையது.

நான் வைத்தியன் அல்லேன். பள்ளி இறுதிப் பரீட்சை வரையில் படித்து, சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடும் உத்தியோகத்தில் அமர்ந்தவன். ஆகையால் மருத்துவர்கள் சொல்லக் கேட்டவற்றையும், படித்தறிந்தவற்றையும், என் கண்ணாற் கண்ட ஒன்றையும் மாத்திரமே இங்கே கூறுகிறேன்.

நான் எழுதிய ஒரு குறிப்பு

கண்டதை முதலில் கூறிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன், இத்தாலுகாவைச் சேர்ந்த வேறொரு கிராமத்துச் சங்கத்தைத் தணிக்கை செய்தேன். இரண்டு ஏக்கர் கரும்பு வைத்திருந்த ஓர் அங்கத்தினர் இரு தவணைகள் கட்டவில்லை. கரும்பு நன்றாக விளைந்திருந்தது. வெட்டிக் கிரயமும் வாங்கியிருந்தார். வீட்டிற்குச் சென்று கேட்டேன். திண்ணையில் சாய்ந்திருந்தவர் எழுந்திருக்காமலே, “ஐயா, கட்ட மனம் இல்லாமல் இல்லை, மூச்சுத்தான் இல்லை” என்றார். அதைச் சாக்கு என்று நினைத்தேன். ‘வேண்டுமென்றே கட்டத் தவறியவர்’ என்று குறிப்பெழுதி, மேல் நடவடிக்கைக்குச் சிபார்சு செய்தேன்.

அவர் அப்பொழுது நான்கு மாதமாக இருமிக்கொண்டிருந்தார் என்பதைப் பின்னரே அறிந்தேன். கரும்புக் கிரயம் இருமல் மருந்துக்கும், ஊசிக்கும், ஊர் ஊராகச் சென்று வந்த வண்டிச் சத்தத்திற்கும் போய்விட்டது. இடையில் ஓரிடத்தில் அவருடைய கபத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்த்து, கிருமி இல்லையென்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவரும் அதை நம்பினார். ஒருநாள் இரத்தம் வந்தபிறகு, இன்று நான் சொல்லப்போகும் துரிதப் பரீட்சையைச் செய்தார்கள். காலையில் கபம் கொடுத்தார். அன்று மாலைக்குள் க்ஷயரோகமென்று தெரிந்தது. ஆறுமாத சிகிச்சையில் அவர் பூரண குணமடைந்தார். அவர் மனைவிக்கும் நோய் பற்றியிருந்தது. அவரும் சிகிச்சை பெற்றுப் பிழைத்தார். ஆனால் அவ்வீட்டிலிருந்த வயோதிகத் தாயார், என்ன நோயென்று ஒருவரும் பரீட்சித்துப் பாராத நிலையில், அதற்கு முன்னரே இறந்துபோனார்.

அடுத்த வருஷம் அந்த அங்கத்தினர் பாக்கி முழுவதையும் கட்டினார். என் குறிப்பைத் திருத்தி எழுதினேன். அந்த நான்கு மாதத்தைத் திருத்த எனக்கு வழியில்லை. அந்நான்கு மாதம் இனி ஒரு வீட்டிலும் வீணாகலாகாது என்பதற்காகவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

நோயின் தன்மை

க்ஷயரோகம் ஒரு கிருமியினால் உண்டாவது. 1882-ம் வருஷம் மார்ச்சு மாதம் 24-ந் தேதி, ஜெர்மனி தேசத்து டாக்டர் ராபர்ட் காக் இக்கிருமியைத் தாம் கண்டறிந்ததை உலகுக்கு அறிவித்தார். நுரையீரலில் நோயுள்ளவர் இருமும்பொழுதும் தும்மும்பொழுதும் கிருமிகள் காற்றிற் கலந்து, அருகிலிருப்போர் சுவாசத்தின் வழியே உட்செல்லுகின்றன. பூர்வஜன்ம பாபமென்றும், குலத்தில் தொடர்ந்து வருவதென்றும், மலையேறும்பொழுது நேர்ந்த தோஷமென்றும் நம்மவர் சொல்வதெல்லாம் ஆதாரமற்றவை. சிகிச்சை பெறாத நோயாளி ஒருவர் ஒரு வருஷத்தில் 10 முதல் 15 பேர் வரையில் கிருமியைப் பரப்பக்கூடுமென்று கணக்கிட்டிருக்கிறார்கள். தக்க மருந்தைத் தொடங்கினால் பரப்பும் சக்தி விரைவிற் குன்றிவிடும். ஆகவே நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது நோயாளிக்குச் செய்யும் உபகாரம் மாத்திரமன்று. வீட்டாருக்கும் ஊராருக்கும் செய்யும் காப்புமாகும்.

2023-ம் வருஷத்தில் உலகெங்கும் ஏறக்குறைய 1 கோடியே 8 லக்ஷம் பேர் இந்நோய்வாய்ப்பட்டனரென்றும், 12½ லக்ஷம் பேர் இறந்தனரென்றும் உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டது. நோயாளிகளில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோர் நமது தேசத்தவர்.

சிகிச்சை வீட்டிற்கு வந்த விதம்

முற்காலத்தில் க்ஷயரோகிக்கு ஆகாரம், ஓய்வு, நல்ல காற்று ஆகிய மூன்றைத் தவிர வேறு மருந்தில்லை. அதற்கென மலைக்காற்றும் மரநிழலும் உள்ள இடங்களில் வைத்தியசாலைகள் எழுந்தன. 1915-ம் வருஷம் மதனப்பள்ளிக்கு அருகில் ஆரோக்கியவரமும், 1928-ம் வருஷம் டாக்டர் சௌரிமுத்து அவர்களால் தாம்பரத்தில் ஸானிடோரியமும் ஏற்பட்டன. படுக்கை கிடைத்தவர் பாக்கியசாலி. கிடைக்காதவர் வீட்டிலிருந்து மெலிந்தார்.

மருந்துகள் வந்தபின்னும், படுக்கையில் வைத்துத்தான் கொடுக்கவேண்டுமென்று பலர் எண்ணினர். 1956-ம் வருஷம் சென்னைச் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. ஏழைக் குடும்பத்து நோயாளிகளில் ஒரு பகுதியினரை வைத்தியசாலையிலும், மற்றொரு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அவ்வளவு நன்றாகவே குணமடைந்தனரென்று 1959-ல் வெளியான முடிவு தெரிவித்தது; வீட்டாருக்கு அதனால் நோய் அதிகம் பரவவில்லையென்பதும் விளங்கிற்று. உலக முழுவதும் க்ஷயரோக சிகிச்சை மாறியது அதற்குப் பின்னரே. அந்நிலையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமென வழங்குகிறது.

நமக்கு அண்டையிலுள்ள திருவள்ளூர்ப் பகுதிக் கிராமத்தாரும் இவ்விஷயத்தில் உலகுக்கு உதவியிருக்கின்றனர். பி.ஸி.ஜி. அம்மை குத்துவதன் பயனை அறிய 1968-ல் அங்கே தொடங்கிய பெரும் ஆராய்ச்சியில் சுமார் 3,60,000 ஜனங்கள் சேர்க்கப்பட்டு, 15 வருஷம் கவனிக்கப்பட்டனர். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் க்ஷயத்தை அந்த ஊசி தடுக்கவில்லையென்பது அதனால் விளங்கிற்று. குழந்தைகளுக்கு வரும் கொடிய வகைகளைத் தடுக்க அவ்வூசி இன்றும் அவசியமே. ஆயினும் பெரியவர்கள் அதை நம்பி இருமலை அசட்டை செய்தல் கூடாது.

பின்னர் 1999-ல் அதே ஜில்லாவின் ஒரு பகுதியில், நேர்ப்பார்வையில் மருந்து கொடுக்கும் முறை ஒழுங்காக நடத்தப்பட்டது. சுமார் ஐந்து வருஷத்தில் நோயாளிகளின் விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அடுத்த கணக்கெடுப்பிலோ அவ்விறக்கம் தொடரவில்லை. கண்டுபிடித்தவர்களைக் குணப்படுத்தினால் நோய் குறையும். கண்டுபிடிக்கப்படாதவர்கள் மிஞ்சியிருக்கும் வரையில் நோயும் மிஞ்சியிருக்கும்.

பழைய பரீட்சையும் புதிய பரீட்சையும்

கபத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, பூதக்கண்ணாடியால் பார்ப்பது நூறு வருஷத்திற்கு மேலாக நடந்துவரும் முறை. செலவு குறைவு, எளிது. ஆனால் ஒரு மில்லி லிட்டர் கபத்தில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தாலன்றி அது கண்ணுக்குப் புலப்படுவது அரிது. ஆகவே நோயாளிகளிற் கிட்டத்தட்டப் பாதிப்பேர் இந்தப் பரீட்சையில் தப்பிவிடுகிறார்கள். கிருமி எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்பதையும் இது சொல்லாது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் முறை நுட்பமானதே. ஆனால் முடிவு தெரியப் பல வாரங்கள் செல்லும்.

துரிதப் பரீட்சையின் வேலை வேறு விதம். ஒரு படி நெல்லில் களைவிதை ஒன்று கலந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதையே நாற்றங்காலில் விட்டு முளைக்கச் செய்தால் தெரிந்துவிடும். அதைப் போல் இந்த இயந்திரம், கபத்திலுள்ள கிருமியை உடைத்து, அதன் வித்தணுவின் ஒரு குறிப்பிட்ட பகுதியைப் பலகோடி மடங்காகப் பெருக்கி, ஒளியினால் அடையாளங் காட்டுகிறது. ஜீன் எக்ஸ்பெர்ட் என்னும் இயந்திரத்தை 2010-ம் வருஷம் டிஸம்பர் மாதத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் அங்கீகரித்தது. இரண்டு மணி நேரத்திற்குள் நோய் உண்டா இல்லையா என்பதோடு, ரிஃபாம்பிசின் என்னும் முக்கிய மருந்துக்குக் கிருமி அடங்குமா என்பதையும் அது சொல்லிவிடும். நூறு நோயாளிகளில் சுமார் 85 பேரை அது பிடித்துவிடுகிறது. மருந்துக்கு அடங்காத கிருமியென்று முதல் நாளே தெரிந்தால், பயனற்ற மருந்தை மாதக்கணக்கில் விழுங்கும் துன்பம் நீங்கும்.

அவ்வியந்திரத்திற்குத் தடையற்ற மின்சாரமும், சூடு மிகாத அறையும் வேண்டும். திருத்தணியின் சித்திரை வைகாசி வெயில் உங்களுக்குத் தெரியும். இக்குறையை நீக்கும்பொருட்டு நமது தேசத்திலேயே, கோவாவில், ட்ரூநாட் என்னும் சிறு இயந்திரத்தைச் செய்தார்கள். அது மின்கலத்தால் இயங்குவது. குளிர்சாதன அறை வேண்டாதது. ஆரம்ப சுகாதார நிலையத்து மேஜையில் வைக்கத் தக்கது. அதையும் 2020-ம் வருஷத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் அங்கீகரித்தது.

ஒன்றைமட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு 15 பேர் இதிலும் தப்பலாம். ஆகையால் பரீட்சையில் இல்லையென்று வந்தும் இருமலும் இளைப்பும் நீடித்தால், அத்துடன் நின்றுவிடாமல் மறுபடியும் மருத்துவரிடம் சென்று, எக்ஸ்ரே படமும் மற்றப் பரீட்சைகளும் செய்துகொள்ளவேண்டும். நான் கூறிய அங்கத்தினர் ஏமாந்தது அந்த இடத்தில்தான்.

இயந்திரம் இருந்தும் எட்டாத காரணம்

1904-ம் வருஷத்தில், திருவள்ளூர்த் தாலுகாவைச் சேர்ந்த திரூரில், சென்னை ராஜதானியின் முதல் கிராம விவசாய நாணயச் சங்கம் பதிவாயிற்று. அக்காலத்தில் பட்டணத்துப் பாங்கிகளில் பணமில்லாமலில்லை. ஆயினும் விதை வாங்க இருபது ரூபாய் வேண்டிய குடியானவனுக்கு அது எட்டவில்லை; ஊரிலிருந்த லேவாதேவிக்காரரே எட்டினார். பணத்தைக் குடியானவனுக்குக் கிட்டச் செய்யவே சங்கம் பிறந்தது. துரிதப் பரீட்சையின் நிலையும் இன்று அதுவே.

2023-ம் வருஷத்தில் உலகெங்கும் புதிதாகக் கண்டறியப்பட்ட நோயாளிகளுள் 100-க்கு 48 பேருக்கே முதற் பரீட்சை துரிதப் பரீட்சையாக அமைந்தது. அங்கீகாரம் கிடைத்துப் பதின்மூன்று வருஷமாகியும் பாதியை எட்டவில்லை. விலை ஒரு காரணம். ஜீன் எக்ஸ்பெர்ட்டில் ஒரு பரீட்சைக்கு வேண்டிய குப்பியின் விலை 2012 முதல் ஏழை நாடுகளுக்கு 9.98 டாலராயிருந்து, 2023-ல்தான் 7.97 டாலராகக் குறைந்தது. நமது தேசத்தில் அரசாங்க நிலையங்களில் நோயாளியிடம் இதற்குக் காசு வாங்குவதில்லை. அப்படியிருந்தும் எட்டாததற்கு வேறு காரணங்கள் உள. இயந்திரம் ஓரிடத்திலும் நோயாளி வேறிடத்திலும் இருக்கிறார். ஒருநாள் கூலியை விட்டுப் பஸ் ஏறவேண்டும். மருந்துக்கடையில் பாட்டில் மருந்து வாங்குவது சுலபமாயிருக்கிறது. இவை எல்லாவற்றிற்கும் மேலாக, ஊர் என்ன சொல்லுமோ, பெண்ணுக்கு வரன் தடைப்படுமோ என்ற அச்சம் காலைக் கட்டுகிறது.

இவ்வூர்களிலுள்ள பால் சங்கத்தாரைக் கேட்கிறேன். காலையிலும் மாலையிலும் பால் வந்தவுடனே அளந்து, அங்கேயே பரீட்சித்து, வண்டி தவறாமல் அனுப்புகிறீர்கள். பாலைப் பட்டணத்துக்கு அனுப்பி ஆறு வாரம் கழித்து அதன் தரம் தெரியட்டுமென்றால் ஒருவராவது சம்மதிப்பீர்களா? பால் வண்டியில் கபத்தை ஏற்றும்படி நான் சொல்லவில்லை! அவ்வளவு ஒழுங்கு மனிதனுடைய நெஞ்சுக்கும் வேண்டுமென்றே சொல்லுகிறேன். நோயாளி போக இயலாவிட்டால், சுகாதார நிலையத்தார் கொடுக்கும் மூடியுள்ள குப்பியில் கபத்தைச் சேகரித்து, அவர்கள் மூலமாகவே இயந்திரமுள்ள இடத்திற்கு அனுப்பலாம்.

சங்கங்கள் செய்யவேண்டியவை

1. இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வேர்வை, காரணமின்றி உடல் மெலிதல், கபத்தில் இரத்தம் ஆகிய இவற்றுள் ஒன்று இருந்தாலும் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லவேண்டும். நீரிழிவுள்ளவர்களும், நோயாளியோடு ஒரே வீட்டில் வசிப்பவர்களும் இரண்டு வாரம் காத்திருக்கலாகாது.

2. சென்றவிடத்தில், “துரிதப் பரீட்சை செய்யப்படுமா? இங்கே இயந்திரம் இல்லையேல் கபம் எங்கே அனுப்பப்படும்? முடிவு என்றைக்குத் தெரியும்?” என்று மரியாதையுடன் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

3. எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் எவ்வளவு நல்ல இயந்திரமும் பயன்படாது. காலையில் எழுந்ததும் வாயைத் தண்ணீரால் கொப்பளித்து, ஆழ மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி வரும் கபத்தைத் திறந்த வெளியில் நின்று குப்பியிற் பிடிக்கவேண்டும்.

4. சங்கக் காரியதரிசிகள், ஓர் அங்கத்தினர் தவணை தவறினால் நோட்டீஸ் எழுதுமுன் அவர் வீட்டிற் சென்று சுகத்தை விசாரியுங்கள். இதை நான் என் அனுபவத்தினால் சொல்லுகிறேன்.

5. சிகிச்சைக் காலத்தில் ஆகாரத்திற்காக அரசாங்கம் மாதம் ரூ. 500 வீதம் 2018 முதல் அளித்துவந்தது; 1-11-2024 முதல் அது ரூ. 1,000 ஆக உயர்ந்தது. பணம் வங்கிக் கணக்கிற்கே வரும். கணக்கில்லாத நோயாளிக்குக் கணக்கு ஏற்படுத்திக்கொடுப்பது சங்கத்திற்கு எளிய காரியம்.

6. 2022-ம் வருஷத்தில் ஏற்பட்ட நிக்ஷய் மித்ரா என்னும் ஏற்பாட்டின்படி கூட்டுறவுச் சங்கங்களும் நோயாளிகளைத் தத்தெடுத்து, ஆகாரப் பொருள்களுடன் பரீட்சை சம்பந்தமான உதவியும் செய்யலாம். பஸ் சத்தமும் ஒருநாள் கூலியும் கொடுத்து ஒருவரைப் பரீட்சைக்கு அனுப்புவது பெருந்தர்மமென்று கருதுகிறேன்.

எல்லைப்புறத்தார்க்கு ஒரு வார்த்தை

1960-ல் இத்தாலுகா சித்தூர் ஜில்லாவிலிருந்து நம் ராஜ்யத்தோடு சேர்ந்தது. ஆயினும் நம்மிற் பலருக்கு நகரியிலும் புத்தூரிலும் பந்துக்கள் உண்டு; வேலைக்கும் அங்குமிங்கும் செல்லுகிறோம். இங்கே பரீட்சை செய்து அங்கே போய்விட்டால் சிகிச்சை நின்றுவிடுமென அஞ்சவேண்டாம். நோயாளிக்குக் கொடுக்கப்படும் நிக்ஷய் எண் தேச முழுவதற்கும் ஒன்றே. அவ்வெண்ணைப் பத்திரமாக எழுதிவைத்துக்கொண்டு, போகுமுன் சுகாதார நிலையத்தாரிடம் சொல்லிவிட்டால், போகுமிடத்தில் மருந்து தொடரும். செங்கற் சூளைகளுக்குத் தூர தேசங்களிலிருந்து வரும் தொழிலாளருக்கும் இது பொருந்தும். நம் ஊர்க் காற்றையே அவர்களும் சுவாசிக்கிறார்கள் என்பதை மறவாது, அவர்களையும் பரீட்சைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

முடிவுரை

சாதாரண க்ஷயரோகத்திற்கு மருந்து இலவசம். காலம் ஆறு மாதம். ஒழுங்காக உட்கொண்டவர் குணமடைவது பெரும்பாலும் நிச்சயம். சிறிது சுகம் கண்டவுடன் மருந்தை நிறுத்துவது மாத்திரம் கூடாது. அதனால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறும். கண்டுபிடித்த அன்றே நோயாளியின் பலவீனத்தை அளந்து, ஆபத்தான நிலையிலுள்ளவரை ஆஸ்பத்திரியிற் சேர்ப்பதற்காக, காசநோய் இறப்பில்லாத் திட்டமென்று ஒன்றை 2022 முதல் நமது ராஜ்யத்தில் நடத்தி வருகிறார்கள். ஆனால் நோயென்று தெரிந்த பின்னரே அத்திட்டம் ஒருவரைக் கைதூக்க முடியும். தெரியாதவரை அது எங்கே தேடும்? அவரைத் தேடிக் கொண்டுவருவது அவருடைய வீட்டை அறிந்த நம்மால்தான் ஆகும்.

சத்திரத்தின் பெயரைத் தாங்கிய ஊர் இது. வழிப்போக்கன் களைத்து விழுமுன் அவனுக்கு நிழல் எட்டவேண்டுமென்றே முன்னோர் வழியில் சத்திரங்களைக் கட்டினார்கள். 1959-ல் சிகிச்சை வீட்டிற்கு வரலாமென்று சென்னை உலகுக்குக் காட்டியது. பரீட்சையும் கிராமத்தை எட்டவேண்டும். இயந்திரத்தை வைப்பது அரசாங்கத்தின் பொறுப்பு. இருமுகிறவரை அதனிடம் கொண்டுசேர்ப்பது சங்கத்தின் பொறுப்பு. இன்று வீடு திரும்பியதும், உங்கள் தெருவில் இரண்டு வாரமாக இருமுகிறவர் யாரென்று எண்ணிப் பாருங்கள். ஒரு பெயர் நினைவுக்கு வந்தால், நாளைக் காலையிலேயே அவரை அழைத்துச் செல்லுங்கள்.